க்ளென்கோ ஏனாக் ஈகாக் முகடு: வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு தகுமா?

தகும். ஸ்காட்லாந்தின் இந்தக் கத்திமுனை முகட்டில் ஏறிவிட்டால் நடுவில் பத்திரமாக இறங்க வழி கிடையாது. ஒரு வழிகாட்டிக்கு இரண்டு பேருக்கு மேல் என்றால் பதிவு செய்யாதீர்கள். கயிற்றுக்குக் காத்திருந்தே பொழுது போய்விடும்.

அம் போடக் (943 மீ.) உச்சி தாண்டியதுமே ஓர் இறக்கம். காலணிகள் பட்டுப்பட்டு வழவழவென்று தேய்ந்த பாறை, ஈரமென்றால் சோப்புக்கட்டிதான். முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு காலாக வையுங்கள். அடுத்த உச்சியான மியால் டியர்க்குக்கு அப்பால் வரும் கூர்முனைகளில்தான் கயிற்றின் அருமை தெரியும். மழை வந்தால் தேதி மாற்றித் தருவார்களா என்று முன்பே கேளுங்கள்.

இறங்கும் வழியையும் கேளுங்கள். கிளாகேக் என்ற மலைப்பிளவின் ஓரம் குறுக்குவழிதான், ஆனால் சரளை உருண்டு உயிர்கள் போன இடம். மேற்கே கணவாய்வரை நடந்து இறக்குபவரையே அமர்த்துங்கள்.