பள்ளிச் சுவருக்கு எது: சிங்கவால் குரங்கா, கருமந்தியா?

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிச் சுவரில் அழிவின் விளிம்பில் இருக்கும் விலங்கு ஒன்றை வரையப்போகிறார்கள். பிள்ளைகள் இரண்டு படங்களை நீட்டினார்கள். ஒன்று சிங்கவால் குரங்கு, இன்னொன்று கருமந்தி. இரண்டும் கருப்பு. இரண்டுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறு காடு கிடையாது. வயல்வெளியில் வளர்ந்தவர்களுக்குக் குழப்பம் வரத்தான் செய்யும்.

முகத்தைப் பார்த்தால் போதும். சிங்கவாலுக்குக் கரிய முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். கருமந்திக்குத் தலைமுடி மட்டும் பழுப்பு; நீண்ட வால், குஞ்சம் இல்லை.

சாப்பாட்டில்தான் பெரிய வித்தியாசம். சிங்கவால் பழமும் பூச்சியும் தேடித் தின்னும், கிடைத்ததைக் கன்னப்பையில் அடக்கிக்கொள்ளும். ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு மரம் பழுத்திருக்கிற காடு அதற்கு வேண்டும். தேயிலைக்காகக் காட்டைத் துண்டுபோட்டபோது அதிகம் அடிபட்டது அதனால்தான். வால்பாறையில் துண்டுக்காட்டில் மாட்டிக்கொண்ட கூட்டங்கள் ரோட்டைக் கடக்கையில் வண்டியில் சிக்கிச் செத்தன. அப்புறம்தான் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டினார்கள். கருமந்தி பெரும்பாலும் இலையைத் தின்றே பிழைத்துக்கொள்ளும். அதைச் செரிக்கப் பல அறைகள் கொண்ட இரைப்பை இருக்கிறது.

எதைக் காப்பாற்றுவது அதிக அவசரம் என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் சிங்கவாலைத்தான். வளர்ந்தவை 2,500கூட இல்லை. அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களைக் கணக்கெடுக்கும் உலகச் செம்பட்டியலில் அது அருகிய இனம். கருமந்திக்கு ஆபத்து ஒரு படி குறைவு, அழிவாய்ப்பு இனம். சிங்கவாலுக்குப் பேரும் இருக்கிறது. கேரளத்தில் குந்திப்புழை ஆற்றின் அணைத் திட்டத்தை எதிர்த்து அமைதிப் பள்ளத்தாக்குக்காக நடந்த போராட்டத்தின் முகமே அதுதான். 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.

ஆனாலும் என் ஓட்டு கருமந்திக்கு. குந்திப்புழை மேற்கே அரபிக்கடலுக்குப் போகிறது. கருமந்தி வாழும் நீலகிரிச் சோலைகளில் கசியும் நீரோ பவானியாகி, கூடுதுறையில் காவிரியில் கலந்து, கல்லணை தாண்டி எங்கள் பாமணி ஆறுவரை வருகிறது.

இன்னொரு காரணம் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. சின்ன வயதில் தேரடியில் ஜமுக்காளம் விரித்து, 'கருங்குரங்கு லேகியம்' என்று கூவி விற்பார்கள். கருங்குரங்கு என்றது கருமந்தியைத்தான். மூச்சிழுப்புக்கு நல்லது என்று என் அப்பாயி ஒரு டப்பா வாங்கினார். கருப்பாக, பிசுபிசுவென்று, நல்லெண்ணெய் வாசனையோடு இருந்த அதை ராத்திரி ராத்திரி விரலால் வழித்து நக்கினார். இழுப்பு கடைசிவரை நிற்கவில்லை. இந்த மாதிரி மருந்துக்கென்றே எத்தனையோ கருமந்திகளை மலையில் சுட்டுக் கொன்றார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் தடுத்த வேட்டை இது. எங்கள் வீட்டுக் காசும் அதற்குப் போயிருக்கிறது.

கருமந்தியையே வரையட்டும், மடியில் குட்டியோடு. குட்டிக்கு மட்டும் செம்பழுப்பு தீட்டச் சொல்லியிருக்கிறேன். பிறந்து சில வாரம் கழித்துத்தான் அது கருக்கும்.