பத்தாவது பாடலோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய குறுந்தகடு

ஜமைக்காவின் ரெகே இசைப் பாடகர் பாப் மார்லியும் அவருடைய வெய்லர்ஸ் குழுவினரும் 1980-இல் வெளியிட்ட ‘அப்ரைசிங்’ இசைத்தொகுப்பின் 2001-ஆம் ஆண்டுக் குறுந்தகட்டுப் பதிப்பை வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பேன். ஆனால் பத்தாவது பாடல் முடிந்ததும் கருவியை நிறுத்திவிட வேண்டும்.

அந்தப் பத்தாவது பாடல்தான் ‘ரிடெம்ப்ஷன் சாங்’. முந்தைய ஒன்பது பாடல்களையும் டிரம்ஸும் பேஸ் கித்தாரும் தாங்கி வந்திருக்க, இங்கே அவை முற்றாக விலகிக்கொள்கின்றன. ஒரு கித்தார், ஒரு குரல், நான்கு நிமிடத்துக்கும் குறைவான நேரம், அவ்வளவே. 1977-லேயே கால்விரலில் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்த மார்லி, தொகுப்பு வெளிவந்த மறு ஆண்டு மே 11 அன்று 36-ஆம் வயதில் மறைந்தார் என்பதை அறிந்து கேட்பவருக்கு அந்தக் குரலின் கரகரப்பு லேசாகக் கடந்துபோவதில்லை.

முதல் வரியிலேயே நின்று கவனிக்க ஒன்று உண்டு. கடற்கொள்ளையர் தம்மைக் கவர்ந்து வணிகக் கப்பல்களுக்கு விற்றதைச் சொல்லும் இடத்தில், ஆங்கில இலக்கணப்படி ‘என்னை’ என்று வர வேண்டிய சொல்லை விட்டுவிட்டு ‘நான்’ என்றே மார்லி பாடுகிறார். பிறர் செயலுக்கு ஆட்படும் பொருளாகத் தம்மைச் சொல்ல மறுக்கும் ராஸ்தஃபாரியரின், அதாவது மார்லி சார்ந்திருந்த ஜமைக்கச் சமய இயக்கத்தினரின், பேச்சு வழக்கு அது. விற்கப்பட்ட கதையைச் சொல்லும் வாக்கியத்துக்குள்ளேயே அந்த மறுப்பும் இருக்கிறது.

மன அடிமைத்தனத்திலிருந்து விடுபடச் சொல்லும் புகழ்பெற்ற அடி மார்லியின் சொந்த ஆக்கம் அன்று. அவரைப் போலவே ஜமைக்காவின் செயின்ட் ஆன் வட்டாரத்தில் பிறந்த கறுப்பின உரிமைத் தலைவர் மார்கஸ் கார்வி, 1937-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஆற்றிய உரையிலிருந்து அது வந்தது. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து ஏறத்தாழ நூறாண்டு ஆகியிருந்த அக்காலத்தில், உடலைப் பிறர் விடுவிக்கலாம், மனத்தை நம்மையன்றி வேறு யாரும் விடுவிக்க முடியாது என்றார் கார்வி. மார்லி உடலைப் பற்றிய பகுதியை நீக்கிவிட்டு, ‘விடுவித்துக்கொள்வோம்’ என்றிருந்ததை ‘விடுவித்துக்கொள்ளுங்கள்’ என்று ஏவலாக்கினார். உடனே அடுத்த வரியில் ‘நம்மை’ என்று தம்மையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். (தமிழில் பெயர்ப்பவர் இங்கே ‘எங்களை’ என்று எழுதினால் பாடலே கெட்டுவிடும்.) ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனின் எமான்சிபேஷன் பூங்காவில் 2003-இல் நிறுவப்பட்ட, நீரிலிருந்து எழுந்து வானை நோக்கும் ஆண், பெண் வெண்கலச் சிலைகளுக்கு இப்பாடலின் பெயரையே சூட்டி, நம் மனங்களை நம்மையன்றி யாரும் விடுவிக்க முடியாது என்னும் அந்த அடுத்த வரியைப் பீடத்தில் பொறித்திருக்கிறார்கள்.

இந்தப் பதிப்பின்மேல் எனக்குள்ள குறை ஒன்றுதான். கித்தார் ஓய்ந்து காது இன்னும் அந்தச் சொற்களில் நிற்கும்போதே, அதே பாடலின் வாத்தியக்குழு வடிவம் கூடுதல் இணைப்பாகப் பதினோராவதாகத் தொடங்கிவிடுகிறது. தாளம் வந்ததும் கால் தட்டத் தொடங்குகிறது, சொல் பின்னுக்குப் போய்விடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் அதை வேறொரு நாளுக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.