டெபியனில் பைத்தான்: அப்கிரேடுக்குப் பிறகு ஐந்து மாதம்

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் 12-ஆம் பதிப்பிலிருந்து 13-க்கு மாறினால், பைத்தான் மொழியில் ஓடும் வேலைகள் ஏதாவது கெடுமா என்று நண்பர் கேட்டார். நான் மாறி ஐந்து மாதம் ஆகிறது.

பைத்தான் லைப்ரரிகளை இறக்கி நிறுவும் பிப்புக்கு, 12 வெளிவந்த 2023-இலேயே கதவு சாத்தியாயிற்று. டெபியனோடு வரும் சிஸ்டம் பைத்தானுக்குள் அதைக் கொண்டு எதையாவது நிறுவப் போனால் மறுத்துவிடும். டெபியனின் சொந்த நிறுவியான ஆப்டில் தேடு, இல்லையென்றால் வென்வ் (தனி லைப்ரரிகள் வைத்துக்கொள்ளும் பைத்தான் ஃபோல்டர்) போட்டுக்கொள் என்று வழியும் சொல்லும். நியாயமான ஏற்பாடுதான். முன்பெல்லாம் நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு பிப் ஓட்டி, ஆப்ட் நிறுவிய லைப்ரரியை மறைத்துக்கொண்டு வேறு பதிப்பு உட்கார்ந்து, சிஸ்டம் கருவிகளே முடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் சொன்னபடி கேட்டேன். ஸ்கிரிப்டுக்கு ஒரு வென்வ். 13-க்கு மாறிய இரவு ஒன்றுகூட ஓடவில்லை. எதைத் தொட்டாலும் மாட்யூல் இல்லை என்றது. உள்ளே போய்ப் பார்த்தேன். வென்வில் இருக்கும் பைத்தான் வெறும் சிம்லிங்க், அதாவது வேறு ஃபைலைக் காட்டும் குறுக்குவழி; சிஸ்டம் பைத்தானைக் காட்டுகிறது. சிஸ்டத்திலோ பைத்தான் 3.11 போய் 3.13 வந்துவிட்டது. என் லைப்ரரிகள் 3.11 என்று பெயர் போட்ட ஃபோல்டரில் அப்படியே இருக்கின்றன, புது பைத்தான் அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. கருவி ஒவ்வொன்றுக்கும் தானே ஒரு வென்வ் போடும் பிப்எக்ஸில் நிறுவியவை 'ரீஇன்ஸ்டால்-ஆல்' என்ற ஒரே கட்டளையில் எழுந்துவிட்டன. மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கட்ட ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

எனக்குக் கோபம் இதில்தான். வென்வுக்குப் போ என்று அனுப்பியாயிற்று. ஆனால் ஆப்டுக்கு அந்த வென்வ்கள் இருப்பதே தெரியாது. அடியிலிருக்கும் பைத்தானை உருவும்போது என் திரையில் ஒரு வரி எச்சரிக்கை வரவில்லை. பழைய வென்வ்களைத் தேடிப் பட்டியல் காட்டினாலே போதுமே!

அதே இரவில், ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்களுக்கு நான் பயன்படுத்தும், பக்கப் படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடியதாக்கும் ஓசிஆர்-மை-பிடிஎஃப் சத்தமில்லாமல் ஓடியது. அதுவும் பைத்தானில் எழுதியதுதான், ஆனால் ஆப்டில் வந்தது. அதற்கு எழுத்தை அடையாளம் காணும் டெசராக்ட் வேண்டும், பிடிஎஃப்-ஐக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் வேண்டும். பிப் இவற்றைக் கொண்டுவராது, ஆப்ட் கொண்டுவருகிறது. டெசராக்டின் தமிழ்த் தரவும் தனி பேக்கேஜாக அங்கேயே இருக்கிறது. லைப்ரரி ஒன்றில் பாதுகாப்பு ஓட்டை என்றால் ஒரு இடத்தில் அடைத்தால் போதும். என் வென்வ்களில் அதன் பழைய பிரதி எத்தனை கிடக்கிறதோ, நானேதான் தேட வேண்டும். பேக்கேஜ் செய்வதென்றால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பேன்.

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? அவரிடம் பதினோரு வென்வ் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பிப் ஃப்ரீஸ், அதாவது நிறுவிய லைப்ரரிகளின் பட்டியல், எடுத்து வைக்கும்வரை 12-லேயே இருங்கள் என்றேன்.