ரிமோட் சாவிக்கு டூப்ளிகேட்: ஷோரூமா, சாவிக்காரரா, ஆன்லைனா?

ரிமோட் சாவிக்குள் மூன்று சமாச்சாரம் இருக்கிறது: கதவைத் திறக்கும் இரும்பு, பட்டனுக்கான ரிமோட், இன்ஜினை ஸ்டார்ட் ஆகவிடும் இம்மொபிலைசர் சிப். சிப்புக்கு பேட்டரி வேண்டாம். சாவியை நுழைத்ததும் இக்னிஷனைச் சுற்றியுள்ள காயில் (கம்பிச் சுருள்) அதற்கு உயிர் கொடுத்துப் படிக்கும். சிப் சரியில்லை என்றால், இரும்பை எவ்வளவு கச்சிதமாக வெட்டினாலும் வண்டி ஓடாது.

ஷோரூமில் பதிவுச் சான்றும் அடையாள அட்டையும் பார்த்து, சேஸிஸ் எண்ணை வைத்து சாவி வரவழைப்பார்கள். செலவும் அதிகம், காத்திருப்பும் அதிகம். வாரன்டி உள்ள வண்டி, பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் நான் இங்கேதான் போவேன்.

சாவிக்காரர் வேகமானவர். எல்லா சாவியும் தொலைந்துவிட்டால் வண்டி நிற்கும் இடத்துக்கே வருவார். ஆனால் அவர் எப்படிச் செய்கிறார் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பழைய சிப்பை அப்படியே நகலெடுப்பது ஒரு வழி. சீக்கிரம் முடியும், ஆனால் வண்டிக்கு இரண்டும் ஒரே சாவிதான். நாளை அதில் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் தனியாக நீக்க முடியாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு இணைக்க உள்ள ஓபிடி போர்ட்டில் கருவியைச் சொருகி, புதுச் சாவியை அந்தக் கணினியில் தனியாகப் பதிவு செய்வது இன்னொரு வழி. இதையே கேட்டு வாங்குங்கள். சில வண்டிகளில் புதிதாகப் பதியும்போது பழைய பதிவெல்லாம் அழிந்துவிடும் என்பதால், கையில் இருக்கும் எல்லா சாவியையும் கொண்டுபோக வேண்டும். சாவி திருட்டுப் போயிருந்தால் அதன் பதிவை நீக்கச் சொல்லி, எத்தனை சாவி பதிவில் இருக்கிறது என்று கருவியின் திரையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஆன்லைனில் முழு ரிமோட் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பார்க்க அச்சு அசலாக இருக்கும். உள்ளே ரிமோட்டின் ரேடியோ அலைவரிசை, உங்கள் வண்டிக்கு வேண்டிய 433 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 315 ஆக இருந்தால் பட்டன் வேலை செய்யாது. பழைய வண்டியிலிருந்து எடுத்த ஸ்மார்ட் சாவிகள் (பட்டன் ஸ்டார்ட் வண்டிக்கானவை) பலவும் வேறு வண்டியில் பதிவாகாது. உடைந்த சாவிக்கு வெறும் கூடு வாங்க மட்டும் ஆன்லைன் போதும். அப்போதும் பழைய கூட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் நன்றாகத் தடவிப் பாருங்கள்: சிலவற்றில் சிப், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் ஒட்டாமல், சிறு கறுப்புத் துண்டாகவோ கண்ணாடிக் குழலாகவோ ஓரத்தில் தனியாகச் செருகியிருக்கும்.

யாரிடம் செய்தாலும், பழைய சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, புதுச் சாவியை மட்டும் போட்டு ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள். இரண்டும் ஒரே வளையத்தில் தொங்கினால் காயில் பழைய சிப்பைப் படித்துவிடக்கூடும்.