புயல் நேரத்தில் 'மாற்றுப் பயணம்' தருகிறோம் என்றால் வாங்காதீர்கள்: ஹனோயில் நாங்கள் ஏமாந்த கதை

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் வந்ததிலிருந்து, முதுகுப்பையை மாட்டிக்கொண்டு வியட்நாம் கிளம்பும் நம்மூர்ப் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். 25 டாலரில் இ-விசா, மலிவான தங்குமிடம், எல்லாம் சரி. ஆனால் செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

2024 செப்டம்பர் 4ஆம் தேதி நானும் என் சித்தி மகனும் ஹனோய் போய்ச் சேர்ந்தோம். பழைய நகரப் பகுதியில் ஒரு ஹாஸ்டல். கீழ்த்தளத்திலேயே டூர் பதிவு செய்யும் மேசை. மறுநாள் அங்கே ஹாலாங் விரிகுடாவுக்கு 7ஆம் தேதி கிளம்பும் இரண்டு நாள் படகுப் பயணம் கேட்டோம். தலைக்கு 26 லட்சம் டோங், இருவருக்கும் 52 லட்சம். நம்ம காசுக்கு 17,700 ரூபாய் பக்கம். கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூடுதல் என்றார்கள். ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று ரொக்கமாகவே கொடுத்தேன். முதல் தவறு அது. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிடவாவது வழி இருந்திருக்கும்.

யாகி புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கிவிட்டுச் சீனாவின் ஹைனான் தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. செய்தியில் பார்த்திருந்தேன், அதனால் கேட்டேன். மேசையில் இருந்த பெண், "லேசான மழைதான், படகு போகும்" என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் வியட்நாமிய மொழியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'பாவ் சோ 3' என்று தலைப்பு. பாவ் என்றால் புயல். அந்த நாட்டில் புயல்களைப் பெரும்பாலும் பெயரால் சொல்வதில்லை, அந்த வருடத்தின் வரிசை எண்ணால்தான் சொல்கிறார்கள். மூன்றாம் எண் புயல்தான் யாகி. அது எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

6ஆம் தேதி மாலை, படகுகளுக்குத் தடை போட்டுவிட்டார்கள், பயணம் இல்லை என்றார்கள். பணம்? "புயல் முடியட்டும், பேசலாம்." 7ஆம் தேதி பிற்பகல் குவாங் நின், ஹை ஃபோங் பக்கம் புயல் கரையேறியது. ஹனோயின் நொய் பாய் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். ஹனோயில் ராத்திரி முழுக்கக் காற்றின் ஊளை. விடிந்து பார்த்தால் தெருவெல்லாம் வேரோடு சாய்ந்த பெரிய பெரிய மரங்கள். தானே புயலுக்கு அப்புறம் கடலூரைப் பார்த்த ஞாபகம் வந்தது எனக்கு.

ஏமாற்று வேலை இதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

8ஆம் தேதி பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒரு ஆள் வந்து உட்கார்ந்து, பரிவாகவே பேசினார். ரொக்கமாகத் திருப்பித் தர முடியாதாம். ஆனால் எங்களுக்காக மாற்று ஏற்பாடு செய்வாராம். 9ஆம் தேதி இரவுப் பேருந்தில் வடக்கே இருக்கும் மலையூர் சாபா, அங்கே இரண்டு இரவு கிராமத்து வீட்டில் தங்கல், மலைநடை. தலைக்கு 8 லட்சம் டோங் சேர்த்துக் கட்டினால் போதும். "புயல் போயிடுச்சு, மலையில வெயில் அடிக்குது" என்றார். போனால் முழுசும் போகும், இதையாவது பிடித்துக்கொள்வோம் என்று இன்னும் 16 லட்சம் கட்டினோம்.

மலையில் வெயில் அடிக்கவில்லை. புயல் கரையேறியபின் அதன் ஈரம் முழுவதும் வடக்கு மலைகளில் கனமழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. காற்றைவிட அந்த மழையில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். அவர் எங்களிடம் பேசிய அதே 8ஆம் தேதி சாபாவில் மண்சரிந்து உயிர்கள் போயிருந்தன. 9ஆம் தேதி காலை ஃபூ தோ மாகாணத்தில் ஃபோங் சௌ பாலம் வண்டிகளோடு ஆற்றில் விழுந்தது. அந்தக் காணொளி அன்று எல்லார் கைப்பேசியிலும் ஓடியது. அதைக் காட்டியே கேட்டேன். "அது வேற ரோடு. நம்ம பஸ் எக்ஸ்பிரஸ் வேயில போகும்" என்று சொல்லி ஏற்றிவிட்டார்.

நடுராத்திரிக்கு மேல் யென் பாய்க்கு அருகே பேருந்து நின்றது. முன்னால் தண்ணீரும் சேறும். பதினைந்து இருபது வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. ஓட்டுநர் நல்ல மனிதர். எங்கிருந்தோ தண்ணீர் பாட்டிலும் பன்னும் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார், காசு வாங்கவில்லை. விடிந்ததும் வண்டியைத் திருப்பினார். அந்தக் காலையில்தான் லாவோ காய் மாகாணத்தில் லாங் நூ என்ற கிராமத்தையே காட்டுவெள்ளம் அடித்துக்கொண்டு போனது. சாபாவும் அதே மாகாணம்தான். பிறகு படித்தபோது கை நடுங்கியது. தம்பியை நம்பி அனுப்பிய சித்திக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

ஹனோய் திரும்பினால் நகர் வழியே ஓடும் செந்நதியில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. அன்று பிற்பகல் அதன் மேலிருக்கும் பழைய லாங் பியன் பாலத்தையும் மூடினார்கள். ஹாஸ்டலில் அந்த ஆள், "பஸ் கிளம்பியது, சேவை கொடுத்தாச்சு" என்றார். இரண்டு மணி நேரம் மேசை முன்னால் நின்றபிறகு 5 லட்சம் டோங் கொடுத்தார். மொத்தம் கட்டியது 68 லட்சம். "விடுங்கண்ணே, உயிரோட வந்தோமே" என்றான் தம்பி. அவனுக்காகத்தான் நகர்ந்தேன்.

ஊருக்கு வந்து பயணக் காப்பீட்டில் கேட்டேன். படகுப் பயணம் ரத்தானதற்கு ஏற்பாட்டாளரின் கடிதம் வேண்டும் என்றார்கள். ஹாஸ்டலுக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரே ஒரு பதில்: "உங்கள் பயணம் ரத்தாகவில்லை, உங்கள் சம்மதத்தோடு மாற்றப்பட்டது." அந்த மாற்றுப் பயணத்துக்குத் தலையாட்டிய நிமிடமே முதல் பணத்தைக் கேட்கும் வழியும் அடைபட்டிருக்கிறது. அதற்காகத்தான் அத்தனை பரிவு.

அதனால் சொல்கிறேன். புயலால் எது நின்றாலும், வேறு எதையும் ஒப்புக்கொள்ளும் முன் 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சாலை திறந்திருக்கிறதா என்பதை டிக்கெட் விற்கிறவரிடம் கேட்காதீர்கள். போகிற ஊரில் தங்கப்போகும் வீட்டுக்கே போன் போட்டுக் கேளுங்கள். நாங்கள் கேட்டிருந்தால் அந்த வீட்டம்மா வர வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். ரசீதையும் மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எங்கள் ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் 'கோங் ஹோவான் தியேன்' என்று இருந்தது. பணம் திருப்பித் தரப்படாது என்று அர்த்தம். ஊருக்கு வந்தபிறகுதான் அதைப் படித்தேன்.