சாவி திங்கட்கிழமைதான் வரும்

மே மாதக் கடைசியில், பிள்ளைகளுக்கு இங்கே சிங்கப்பூரில் ஜூன் விடுமுறை விட்டதும் குடும்பத்தோடு ஊருக்குப் போய் வந்தோம். விமானம் நேரத்துக்கு இறங்கியது, திருச்சியில் பெட்டிகள் உடனே வந்தன, வங்கி வேலை ஒரே காலையில் முடிந்தது. அதைப் பற்றியெல்லாம் எழுத ஒன்றுமில்லை. என்னை இன்னும் விடாமல் பிடித்திருப்பது ஒரு பீரோ சாவி.

எங்கள் ஊர் காவிரி டெல்டாவில் ஒரு பேரூராட்சி. அங்கே கிளை நூலகம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. வாசலில் வருகைப் பதிவேடு, சணலில் கட்டித் தொங்கும் பேனா, ஒரே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்துப் பங்குபோட்டுக்கொள்ளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சுவரில் புரவலர்களின் பெயர்ப் பலகை. அப்பாவின் பெயரும் அந்தப் பலகையில் இருக்கிறது. என் பள்ளிக்கூட நாட்களின் கோடை மத்தியானங்கள் அங்கேதான் கழிந்தன. சோவியத் நாட்டில் அச்சடித்து வந்த சிறுவர் நூல்கள், வழவழப்பான தாளும் பெரிய எழுத்தும் வண்ணப் படங்களுமாகச் சன்னலோரத் தட்டில் சும்மா கிடக்கும். எடுத்துக்கொண்டு சிமெண்ட் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவோம். ஏன் எடுத்தாய் என்று கேட்பார் கிடையாது.

தம்பி மகள் நான்காம் வகுப்பு முடித்து ஐந்துக்குப் போகிறாள். கையில் கிடைத்த எதையும் படிக்கிற பிள்ளை. பொட்டலம் கட்டி வந்த தாளையும் விடமாட்டாள், கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயர்வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். என் மகனோ தமிழ்ப் புத்தகத்தைத் தொடுவதற்கே பேரம் பேசுபவன். இரண்டு பேரையும் நூலகத்துக்கு அழைத்துப் போனால் அவளைப் பார்த்து இவனுக்கும் கொஞ்சம் ஒட்டும் என்று கணக்குப் போட்டேன்.

சிறுவர் நூல்கள் எல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு பீரோவுக்குள் இருந்தன. பீரோவின் சொந்தப் பூட்டு போதாதென்று கைப்பிடியில் தொங்கு பூட்டு ஒன்றும் மாட்டியிருந்தார்கள். கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது. அங்கே வேலை பார்க்கும் அம்மா தினமும் ஈரத்துணியால் துடைக்கிறாராம். “பிள்ளைகள் பார்த்தால் தெரிய வேண்டுமல்லவா சார்” என்றார். தம்பி மகள் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு, அடுக்கில் முதுகு காட்டி நின்ற பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனாள். மூன்றாவது தட்டில் யானைப் படம் போட்ட ஒன்றை அட்டை தெரியும்படி நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடியின் மேல் விரலை வைத்து, “பெரியப்பா, இது” என்றாள்.

“சாவி சாரிடம் இருக்கிறது. சார் திங்கட்கிழமைதான் வருவார்.”

அன்றைக்கு வியாழன். நூலகருக்குப் பக்கத்து ஊர் நூலகமும் கூடுதல் பொறுப்பு. வாரத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை என்பது உங்களுக்கே தெரியும். சனியும் ஞாயிறும் அந்த ஊரின் முறை. பீரோ சாவி அவருடைய பைக் சாவிக் கொத்தில் கிடக்கிறது, பைக் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் போகிறது. மாற்றுச் சாவி ஒன்று இருக்க வேண்டுமே என்று கேட்டேன். “இருக்கிறது சார். தொலைந்துவிடக் கூடாதென்று பீரோவுக்குள்ளேயே வைத்திருக்கிறோம்” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. கண்ணாடி வழியாகக் காட்டவும் செய்தார். இரண்டாவது தட்டில், ஆணியில் மாட்டி, பெயர்ச்சீட்டுக் கட்டி, அழகாகத் தொங்கியது.

எனக்கு ஏறிய கோபத்துக்கு அந்த அம்மா பொறுப்பில்லை. ஆனாலும் வெளியே வந்து தெருமுனை வரைக்கும் தம்பியிடம் பொரிந்து தள்ளினேன். சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் நூல்களுக்கென்று தனி அடுக்குகள் இருக்கின்றன. குழந்தையின் இடுப்பு உயரத்துக்குமேல் ஒன்றும் கிடையாது. பூட்டில்லை, ஆளில்லை. அட்டையை இயந்திரத்தில் காட்டினால் ஒரே தடவையில் 16 நூல்கள், 21 நாட்களுக்கு. திருப்பித் தர வாசலில் ஒரு துளை, நள்ளிரவிலும் போடலாம். என் மகன் ஒருமுறை ஒரு புத்தகத்தைத் தொலைத்தான். விலையைக் கட்டினோம், அத்தோடு விஷயம் முடிந்தது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தத் தமிழ் அடுக்குகளின் முன்னால் நான் பார்க்கிற பிள்ளைகள் பெரும்பாலும் பெற்றோர் இழுத்து வந்தவர்கள். அங்கே திறந்து வைத்துக்கொண்டு குழந்தைகளைக் கெஞ்சுகிறார்கள். இங்கே கெஞ்சும் குழந்தையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கிறார்கள்.

தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அங்கே நூலகத்துக்குள் போய் வந்தால் யாராவது உன்னிடம் பேசுவார்களா அண்ணா?” என்றான். நியாயமான கேள்விதான். அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து, அப்பா எந்த நாற்காலியில் உட்கார்வார் என்று காட்டி, மின்விசிறியைக் கூட்டி வைத்தார். சிங்கப்பூரில் இயந்திரம் “நன்றி” என்று காட்டும், அவ்வளவுதான். இருந்தாலும் யானைப் புத்தகம் அங்கேதான் கைக்குக் கிடைத்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே கட்டடத்தின் பின்னறையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் நிறைந்திருந்தார்கள். குரூப் 4, காவலர் தேர்வு, வங்கித் தேர்வு. அந்தப் புத்தகங்கள் எல்லாம் திறந்த அடுக்கில்தான். பெண்கள் பலர் காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து மாலைவரை படிக்கிறார்கள். வீட்டில் தனியறை இல்லாத பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மேசையும் மின்விசிறியும் கிடைப்பது பெரிய காரியம். என் காலத்தில் அந்த அறையில் பழைய இதழ்களை மூட்டை கட்டிப் போட்டிருப்பார்கள். இருபது வயதுக்காரனை நம்புகிற நூலகம் ஒன்பது வயதுக்காரியை நம்பவில்லை என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது.

காசில்லை என்று சொல்லவும் வழியில்லை. அம்மா இருக்கும் வீட்டுக்கு வரி கட்டுவது நான்தான். ரசீதை எடுத்துப் பாருங்கள், சொத்து வரியோடு நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். ரூபாய்க்கு 10 பைசா. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தபோது சுதந்திர இந்தியாவில் வேறெங்கும் அப்படியொரு சட்டம் கிடையாது. சிங்கப்பூரில் இந்திய வம்சாவளியினரின் சம்பளத்தில் சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கென்று வருமானத்துக்கேற்ப மாதம் 1 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 30 வெள்ளிவரை பிடிக்கிறார்கள். 1991இல் தொடங்கிய அமைப்பு. அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்பு நடக்கிறது, என் மகனும் போகிறான். எனவே அந்தப் பிடித்தம் எனக்கு உறைப்பதில்லை. நூலக வரி உறைத்தது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தோம். பத்தரைக்கு நூலகர் வந்தார். கொத்திலிருந்து சாவியைத் தேடி எடுத்து, இரண்டு பூட்டுகளையும் திறந்து, யானைப் புத்தகத்தை எடுத்துத் தூசு இல்லாத அட்டையைப் பழக்கத்தில் ஒருமுறை தட்டிவிட்டுக் கொடுத்தார். இங்கேயே படிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக உறுப்பினர் அட்டை வேண்டும் என்றார். அட்டைக்கு விண்ணப்பம், விண்ணப்பத்தில் தலைமை ஆசிரியரின் கையெழுத்து. பள்ளிக்கூடம் விடுமுறையில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் படிக்க நேரம் கிடைப்பதே பள்ளி மூடியிருக்கும்போதுதான், அட்டை கிடைப்பதோ பள்ளி திறந்திருக்கும்போது என்றால் என்ன செய்வது? கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மேசை இழுப்பறையிலிருந்து இருப்புப் பதிவேட்டை எடுத்து விரித்தார். நீளமான கட்டம் போட்ட நோட்டு. ஒவ்வொரு வரியிலும் வரிசை எண், நூலின் பெயர், விலை, கடைசியில் குறிப்புக்கான கட்டம். சில வரிகளின் கடைசியில் சிவப்பு மையில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. “இந்தச் சிவப்பு எழுத்தெல்லாம் என் தலையில் விடியும் சார். தணிக்கைக்கு வருகிறவர்கள் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்று கேட்பதில்லை, எத்தனை புத்தகம் குறைகிறது என்றுதான் கேட்பார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் ஓய்வுபெறும்போது அலைந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு வாங்கிப் போட்டதுதான் இந்தத் தொங்கு பூட்டு.”

அதற்குமேல் அவரிடம் சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. சிங்கப்பூரில் ஒரு புத்தகம் தொலைந்தால் தொலைத்தவன் காசு கட்டுகிறான், நூலகர் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். இங்கே பூட்டாத நூலகர்தான் பயந்து சாக வேண்டும். நான் அவருடைய இடத்தில் இருந்தால் மூன்றாவது பூட்டு வாங்கியிருப்பேன்.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மேலே எஸ்.ஆர். ரங்கநாதனின் படம் மாட்டியிருந்தது. சீர்காழிக்காரர். 1931இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. சங்கிலி போட்டுப் புத்தகத்தைக் காத்த பழைய நூலகங்களை எதிர்த்துத்தான் அதை வைத்தார். அதே 1931இல், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தொலைவில் உள்ள மன்னார்குடியில், மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்க் கொடுத்தார்கள். இப்போது மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தாயிற்று. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 முதல் இருக்கிறது. இரண்டிலும் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. போனவர்கள் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வருகிறார்கள். சந்தோஷம்தான், ஆனால் டெல்டாவில் இருக்கும் பிள்ளை சனிக்கிழமைதோறும் மதுரைக்குப் பஸ் ஏற முடியாது.

எதிர்பாராத இடம் எங்கள் பின் தெரு. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கும் ஒரு பெண் தன் வீட்டுத் திண்ணையில் மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கிறார். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அதாவது நாங்கள் சிங்கப்பூரில் ஒரு மணி நேரத் தனி வகுப்புக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. அவருடைய திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். படிக்கும் திறனுக்கேற்ப நுழை, நட, ஓடு, பற என்று நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மூலைகள் மடங்கி, அட்டை கிழிந்து, ஒன்றில் சாம்பார்க் கறைகூட இருந்தது. யார் எடுத்தார்கள் என்று எழுதி வைப்பீர்களா என்று கேட்டேன். “எங்கே போய்விடும்? இந்தத் தெருவுக்குள்தானே சுற்றும்” என்றார்.

என் மகன் அந்தக் கூடையிலிருந்து ‘நட’ வகையில் ஒன்றை எடுத்துத் தம்பி மகளோடு உட்கார்ந்து எழுத்துக்கூட்டினான். தவறாகப் படித்த இடத்தில் அவள் சிரித்தாள். அவனுக்கு ரோஷம் வந்து திரும்பவும் முதலிலிருந்து படித்தான். சிண்டா வகுப்பில் அப்படி ஒரு ரோஷத்தை நான் பார்த்ததில்லை.

மறுநாள் நூலகரிடம் திரும்பவும் போனேன், இந்த முறை கோபமில்லாமல். வழி என்ன என்று கேட்டேன். 1,000 ரூபாய் கட்டினால் நீங்களும் புரவலராகலாம் என்று ஆரம்பித்தவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். கணக்கில் ஏறாத புத்தகமென்றால் தனக்குப் பயமே இல்லை, வாசகர் வட்டத்தின் பெயரில் ஒரு மர அடுக்கைப் போட்டுப் புத்தகங்களை வையுங்கள், அதைப் பதிவேட்டில் எழுத மாட்டேன், பூட்டவும் மாட்டேன் என்றார். பிள்ளைகள் எடுத்துப் போகட்டும், கொண்டுவந்தால் வைக்கட்டும். யானைப் புத்தகத்தைத் தன் பெயரிலேயே எழுதி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியதும் அவர்தான்.

தஞ்சாவூர் போய் ஒரு பை நிறையச் சிறுவர் நூல்கள் வாங்கி வந்தேன். ஊர்த் தச்சர் இரண்டு தட்டு வைத்த பலகை அடுக்கு ஒன்று செய்து கொடுத்தார், இடுப்பு உயரத்துக்கு. கிளம்புவதற்குள் வைத்தாயிற்று. ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் இடமிருந்தால், இங்கே உங்கள் பிள்ளைகள் படித்து முடித்த தமிழ்ப் புத்தகங்களை உங்கள் ஊர் நூலகத்துக்குக் கொண்டுபோங்கள். ஆனால் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள், பதிவேட்டில் ஏறுமா, ஏறாதா என்று. ஏறினால் அவை கண்ணாடிக்குப் பின்னால் போய்விடும்.

போன வாரம் தம்பி பேசினான். கால்வாசிப் புத்தகங்கள் திரும்பி வரவில்லையாம். நூலகர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, இன்னும் கிடைக்குமா என்றுதான் கேட்டாராம். போனவற்றில் அநேகம் படக்கதைகள். கணிதப் புதிர்கள் அப்படியே இருக்கின்றன. அடுத்த முறை கணிதப் புதிர்கள் வாங்கப் போவதில்லை.