ஹவ்ட்ரெயின்: காலி இருக்கைக்கும் உத்தரவாதம்

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் மாகாணம் எழுத்தில் கௌடெங், இந்த ஊர்க்காரர்கள் வாயில் அது 'ஹவ்டெங்'. அதனால் இங்கே ஓடும் விரைவு ரயிலும் ஹவ்ட்ரெயின்தான். ஜோகன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்து வரும் நம் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, அந்த ரயில்ல தைரியமா போகலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

போகலாம். தாராளமாக.

நான் தினமும் மிட்ரண்டில் ஏறி ரோஸ்பேங்க்கில் இறங்குகிறேன். நடுவில் மார்ல்பரோ, சாண்ட்டன், அவ்வளவுதான். இருபது நிமிடம்கூட ஆகாது. காலை ஏழரைக்கு இதே தூரத்தைக் காரில் போனால் ஒரு மணி நேரம் பிரேக்கை மிதித்தே கால் மரத்துவிடும். நெரிசல் வேளையில் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில். பிளாட்பாரத்தில் காவலர்கள் நிற்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு காகிதத் துண்டு கிடந்து நான் பார்த்ததில்லை. காரணம் உண்டு: உள்ளே சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, சூயிங்கம் மெல்லவும் கூடாது. முதல் நாள் வழக்கம்போல ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றப் போனேன். எதிரே இருந்த பெண்மணி ஒன்றும் பேசாமல் சுவரில் இருந்த படத்தைக் கையால் காட்டினார். பாசஞ்சர் ரயிலில் வடை தின்று வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்.

2010 ஜூன் 8 அன்று, கால்பந்து உலகக் கோப்பைக்கு மூன்றே நாள் இருக்கும்போது, விமான நிலையத்திலிருந்து சாண்ட்டன் வரை முதலில் ஓடியது. சுரங்கத்தில் தண்ணீர் கசிந்த தகராறில் ஜோகன்னஸ்பர்க் நகர மையத்தில் இருக்கும் பார்க் ஸ்டேஷன் வரை வர 2012 ஆகிவிட்டது. இப்போது மொத்தம் 80 கிலோமீட்டர், பத்து நிலையங்கள், 160 கிலோமீட்டர் வேகம். சாண்ட்டனிலிருந்து விமான நிலையம் கால் மணி நேரம். ஆனால் அந்தக் கால் மணிக்கு இருநூறு ரேண்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். கட்டணம்தான் இதில் உறுத்தும் விஷயம்.

எங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா டெம்பிசாவிலிருந்து வருகிறார். இரண்டு டாக்சி மாற வேண்டும். டாக்சி என்றால் நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிரம்பினால்தான் கிளம்பும் வெள்ளை வேன். விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாராம். ஹவ்ட்ரெயினில் வரலாமே என்று ஒருநாள் விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். "அது உங்களுக்கான ரயில்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வழி கேட்டவனுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

ஆனால் ரயில் அவருடையதும்தான். இது கௌடெங் மாகாண அரசின் திட்டம். கட்ட 2,500 கோடி ரேண்டுக்கு மேல் ஆனது. என் தொழில் கணக்கு என்பதால் மார்ச் மாதம் மாகாண பட்ஜெட் வந்ததும் புரட்டிப் பார்ப்பது பழக்கம். பெரும்பாலும் இந்த ரயிலில் உட்கார்ந்தே. மாகாணத்தின் சொந்த வருமானம் வண்டி உரிமக் கட்டணம், சூதாட்ட விடுதி வரி என்று சொற்பம். மீதியெல்லாம் தேசிய அரசு தருவது. அதிலும் பெரும்பகுதி கல்விக்கும் சுகாதாரத்துக்கும் போய்விடும். ஆக, கை கட்டப்பட்ட பட்ஜெட். அப்படிப்பட்ட பட்ஜெட்டில்தான் ரயிலை ஓட்டிய தனியார் நிறுவனத்துக்கு ஒரு வருமான உத்தரவாதம் இருந்தது. பயணிகளிடமிருந்து வரும் பணம் ஒப்பந்தத்தில் சொன்ன அளவை எட்டாவிட்டால் வித்தியாசத்தை மாகாணம் கட்டும். பல ஆண்டுகளில் அது 100 கோடி ரேண்டைத் தாண்டியது. எனக்குப் பக்கத்தில் இருக்கை காலியாக இருந்த நாளெல்லாம், அதற்கும் யாரோ காசு கட்டியிருந்தார்கள் என்று அர்த்தம்.

இதே மாகாணம், இதே கஜானா, 2015-ல் செலவைக் குறைக்க வேண்டும் என்று இன்னொரு ஒப்பந்தத்தை முறித்தது. லைஃப் எசிடிமெனி என்ற தனியார் மனநல இல்லங்களில் அரசுச் செலவில் இருந்த சுமார் 1,700 நோயாளிகளை வெளியேற்றினார்கள். எசிடிமெனி என்றால் கண்ணியம் உள்ள இடம் என்று பொருள். 2016-ல், இங்கே குளிர் தொடங்கும் மாதங்களில், அவசர அவசரமாக அவர்களை 27 தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றினார்கள். ஒன்றுக்குக்கூடச் செல்லுபடியாகும் உரிமம் இல்லை. சிலரைத் திறந்த வண்டியின் பின்னால் ஏற்றிக் கொண்டுபோனார்கள். சில இடங்களில் தொண்டு நிறுவனத்தார் மாட்டுச் சந்தையில் பொறுக்குவது போல ஆளைப் பொறுக்கி எடுத்தார்கள். 144 பேர் செத்துப்போனார்கள். பசி, தாகம், நிமோனியா.

எனக்குக் கணக்காகத்தான் யோசிக்க வருகிறது, மன்னியுங்கள். பழைய இல்லத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 320 ரேண்ட். புதிய இடத்தில் 112. சிலரை அரசின் சொந்த மனநல மருத்துவமனைக்கும் அனுப்பினார்கள். அங்கே ஒரு நாள் செலவு பழைய 320-ஐப் போல நாலு மடங்குக்கும் மேல். மிச்சம் பிடிக்கப் போனவர்கள் இந்தக் கூட்டலைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. 2018-ல் இந்த விவகாரத்தில் நடுவராக இருந்த முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே, இழப்பீடு கேட்ட, உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்களுக்குத் தலா 12 லட்சம் ரேண்ட் கொடுக்கச் சொன்னார். 12 லட்சத்தை 320-ஆல் வகுத்தால் 3,750 நாள். பத்து வருடத்துக்கு மேல் ஒருவரைப் பழைய இடத்திலேயே வைத்துச் சோறு போட்டு மாத்திரை கொடுத்திருக்கலாம். ரோஸ்பேங்க் வருவதற்குள் போனில் இதை மூன்று முறை போட்டுப் பார்த்தேன், தப்பு எங்கேயாவது இருக்கும் என்று.

ரயில் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் படித்து வாதாட வக்கீல்கள் உண்டு. அந்த நோயாளிகளில் பலரால் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாது. அவர்களுக்காக வீட்டார் போராடினார்கள், வழக்கும் போட்டார்கள். அப்படியும் இடமாற்றம் நிற்கவில்லை.

ரயிலை மூடச் சொல்கிறேனா? இல்லை. நாளைக்கும் அதில்தான் போவேன். தெற்கிலிருந்து வந்தால் மார்ல்பரோவுக்கு முன்பாகச் சுரங்கம் முடிந்து வெளிச்சம் வரும். பக்கத்திலேயே அலெக்சாண்ட்ரா என்ற ஏழைக் குடியிருப்பின் தகரக் கூரைகள். பெட்டிக்குள் பாதிப் பேர் அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும்தான்.

சரி, புதிதாக வருபவர்களுக்கு: தனி கார்டு வாங்க வேண்டியதில்லை, வங்கிக் கார்டைத் தட்டினால் கதவு திறக்கும். மிட்ரண்ட், செஞ்சுரியன் பக்கமிருந்து விமான நிலையம் போகிறவர்கள் மார்ல்பரோவில் இறங்கி மாற வேண்டும். இரவு ஒன்பதுக்கு மேல் ரயிலை நம்பாதீர்கள், சனி ஞாயிறில் வண்டி குறைவு. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன், குறைத்த ஒன்று கட்டணத்துக்கு. ஃபிளாஸ்க்கைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.